வரலாற்றுத் திரைப்படங்களின் மூலம் : தில்லை வட்டாரச் சான்றுகள்

பழந்தமிழ் நூலொன்றைப் பதிப்பிக்கப் புகுவார் முதற்கண் செய்யும் பணி, கிடைத்த ஏடுகளை ஒப்புநோக்கி, எவ்வேடு எதனினின்று படியெடுக்கப்பட்டது என்று காண்பதேயாகும். அவ்வாறு கண்ட பின்னரே, ஆசிரியர் வாக்கு இது, இடைக்காலத்தார் சேர்த்தது இது, எழுதினோர் பிழை இது என்று பகுத்துரைத்தல் இயலும். ஏட்டுச்சுவடிகளுக்கு நம் முன்னோர் கையாண்ட இம்முறையை வரலாற்றுத் திரைப்படங்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் பொருத்திக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தகைய படங்களைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் ஒரு வினாவையே எழுப்புகின்றனர். படத்தில் வருவது உண்மை வரலாறா, கற்பனையா என்பதே அது. இவ்வினா தேவையற்றதன்று, ஆயினும் இது மட்டும் போதாது. கற்பனை என்று ஒதுக்கப்படும் பகுதி எக்காலத்தில், யாரால், எதன்பொருட்டுப் புகுந்தது என்று அறிந்தால், அப்பகுதியும் வரலாற்றுக்குச் சான்றாதல் கூடும். ஆதலின் 'உண்மையா' என்பதனோடு 'எம்மூலத்தினின்று, எப்படியின் வழியாக வந்தது' என்றும் வினவுதல் வேண்டும். இவ்வாராய்ச்சிக்குப் பொருத்தமான களமாகக் கடலூர், சிதம்பரம் வட்டாரம் அமைந்திருக்கின்றது. பல்லவர் காலம், சோழர் காலம் ஆகிய இரண்டையும் பற்றி எழுந்த படங்கள் சில, இச்சிறு நிலப்பரப்பில் நிகழ்ந்தனவாகச் சொல்லப்படும் செய்திகளைத் தம் கருவாகக் கொண்டுள்ளன.

1. மூலத்தைக் காட்டும் படம்

பெண்ணையாற்றுக்கும் கெடிலத்துக்கும் இடைப்பட்ட நிலத்தில், கடலூரிலிருந்து பண்ணுருட்டி செல்லும் வழியில் உள்ளது நெல்லிக்குப்பம். இன்று சர்க்கரை ஆலையால் பெயர் பெற்ற இவ்வூரின் மேற்கே திருவதிகையும் கிழக்கே திருப்பாதிரிப்புலியூரும் உள்ளன. திருநாவுக்கரசர் சூலை நீங்கிச் சைவம் புகுந்த இடம் திருவதிகை. கல்லோடு பிணித்துக் கடலில் இடப்பட்டு அவர் கரையேறியதாகச் சொல்லப்படும் இடம் திருப்பாதிரிப்புலியூர். அவர் வரலாற்றின் பெரும்பகுதி நெல்லிக்குப்பத்தின் இருமருங்கிலுமே நிகழ்ந்ததெனலாம்.

இவ்வரலாற்றின் மூலங்கள் தெளிவாகவே வரிசைப்படுகின்றன. சமணர் தம்மைக் கல்லோடு கட்டி நீரில் தள்ளியதை நாவுக்கரசரே தம் திருநீலக்குடிப் பதிகத்தில் குறிக்கின்றார். இது முதற்படி. ஏறத்தாழ 500 ஆண்டுகள் கழித்துச் சேக்கிழார் அதனைத் தொடர்ந்த கதையாக விரித்து, ஒறுத்த மன்னனைப் பல்லவன் என்றும், அவன் பின்னர்ச் சைவனாகித் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்றும் உரைக்கின்றார். இஃது இரண்டாம் படி. குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப்பெயர் என்று கல்வெட்டுகளால் அறிந்து, அப்பல்லவன் மகேந்திரனே என ஆராய்ச்சியாளர் துணிந்தது மூன்றாம் படி. நாவுக்கரசர் வாக்கில் மன்னன் பெயர் இல்லை. சேக்கிழார் வாக்கில் மகேந்திரன் என்னும் பெயர் இல்லை. இன்று பள்ளி மாணவரும் அறிந்த மகேந்திரன் கதை இம்மூன்று படிகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்ததன் விளைவாகும்.

ஏ. பி. நாகராசன் இயக்கி 1967இல் வெளிவந்த 'திருவருட்செல்வர்' இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. நாவுக்கரசராக நடித்த சிவாஜி கணேசனே அப்படத்தில் சேக்கிழாராகவும் தோன்றுகின்றார். தான் கூறுவது சேக்கிழார் கண்ட வரலாறே என்பதை, அந்நூலாசிரியரையே கதைமாந்தராக்கிக் காட்டுவதால் அப்படம் ஒப்புக்கொள்கின்றது. தொலைக்காட்சியிலும் இதற்கு இணையொன்று உண்டு. 1988இல் தூர்தர்சனில் ஒளிபரப்பான, சியாம் பெனகல் இயக்கிய 'பாரத் ஏக் கோஜ்' என்னும் 53 பகுதித் தொடர், சவகர்லால் நேருவின் நூலைத் தழுவியது. அதில் நேருவாக நடித்தவர் இடையிடையே தோன்றி வரலாற்றை எடுத்துரைப்பார். காண்பது ஒருவர் கண்ணில் பட்ட வரலாறு என்பதைக் காண்போர் மறவாதிருக்க அவ்வமைப்புத் துணை செய்கின்றது. மூலத்தை வெளிப்படக் காட்டும் படம், முன்னுரையும் பாடவேறுபாடும் தந்து அச்சிட்ட பதிப்பை ஒக்கும்.

2. நிலமுடைய நந்தனாரும் நிலமற்ற நந்தனாரும்

மூலத்தை மறைத்து வருவனவே மிகுதி. அவற்றுள் மிக விரிந்த படிவழி உடையது நந்தனார் வரலாறு.

சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் திருநாளைப்போவார் என்னும் பெயரும் ஓர் அடைமொழியுமே உள்ளன. நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியில் ஊரையும் குலத்தையும் சுட்டி, ஒரே பாடலில் செய்தியை அடக்குகின்றார். சேக்கிழாரிடத்தில்தான் கதை முழுமை பெறுகின்றது. கொள்ளிடக் கரையைச் சார்ந்த ஆதனூரில் பிறந்த நந்தனார், கோயில் முழவங்களுக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும் அளித்துத் தொண்டு செய்கின்றார்; திருப்புன்கூரில் விடை விலகக் காண்கின்றார்; 'நாளைப் போவேன்' என்று நாள் கழித்து, இறுதியில் தில்லை எல்லையை அடைந்து, எரியில் மூழ்கி எழுந்து மறைகின்றார்.

ஈண்டுக் கருதத்தக்க செய்தி ஒன்றுண்டு. சேக்கிழார் காட்டும் நந்தனார் பிறருடைய வயலில் உழும் அடிமையாளர் அல்லர். ஊரார் பறைத்தொழிலுக்கென விட்ட 'பறைத்துடவை' என்னும் நிலத்தின் விளைவை உணவுரிமையாகக் கொண்டு வாழ்ந்தவர். அவரை ஏவும் பண்ணையார் எவரும் பெரியபுராணத்தில் இல்லை. அவர் தில்லைக்குப் போகாது தயங்கியதற்குத் தம் பிறப்புப் பற்றிய எண்ணமே தடை. எசமானின் இசைவு தடையன்று.

அவ்வெசமானர் கதையில் புகுந்தது 19ஆம் நூற்றாண்டில் ஆகும். கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை' 1861இல் அச்சேறியது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அதன் இலக்கணக் குறைகளை எண்ணிச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கிப் பின்னர் அளித்தார் என்பது தமிழறிஞர் அறிந்ததே. அந்நூலில்தான் ஆதனூர் வேதியர் என்னும் பண்ணைத்தலைவர் தோன்றுகின்றார். தில்லை செல்ல நந்தனார் அவரிடம் விடை வேண்டுகின்றார். அவரோ 40 வேலி நிலத்தின் வேளாண்மையை முடித்த பின்னரே போகலாம் என்கின்றார். இறையருளால் ஓரிரவில் அப்பணி முடிகின்றது.

பாரதியார் இதனை வெறுங்கற்பனையாகப் புனைந்தாரா? அவர் வாழ்ந்தது காவிரிப் படுகையில். அடிமை முறைக்குச் சட்டத்தின் துணை இல்லை என்று ஆங்கில அரசு விதித்த 5ஆம் சட்டம் 1843இல் வந்தது. கீர்த்தனை அச்சேறியது அதன் பின் 18 ஆண்டுகள் கழித்து. சட்டம் வந்த பின்னும் பண்ணையாள் முறை அப்படுகையில் நீடித்தது. ஆகவே வேதியர் என்னும் பாத்திரம் நாயன்மார் காலத்துக்குச் சான்றாகாது. ஆனால் 19ஆம் நூற்றாண்டுத் தஞ்சைப் பண்ணைகளுக்கு மிக வலிய சான்றாகும். இடைச்செருகலும் தான் செருகப்பட்ட காலத்தின் ஆவணம் என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் காண்பது அரிது.

திரைப்படம் எடுத்துக்கொண்டது இக்கீர்த்தனையின் படியையே. 1935இல் மாணிக்லால் டாண்டன் இயக்கிய 'பக்த நந்தனார்' படத்தில் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும் மகாராசபுரம் விசுவநாத ஐயர் வேதியராகவும் நடித்தனர். இதற்கெனச் சுந்தராம்பாள் பெற்ற ஊதியம் ஒரு லட்சம் ரூபாய் என்பது அக்காலத்துப் பெரும் பேச்சாயிற்று. 1942இல் ஜெமினி நிறுவனம் எடுத்த 'நந்தனார்' படத்தில் எம். எம். தண்டபாணி தேசிகர் நடித்தார். அவரே பின்னர்ச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசைப்பணி ஆற்றினார். இவ்விரண்டு படங்களுக்கும் இடையே, 1936இல் திருவிதாங்கூரிலும் 1939இல் மதுரையிலும் கோயில் நுழைவு நிகழ்ந்தது. அப்போராட்டத்தின் நடுவே எழுந்த படங்கள், கோயில் வாயிலில் நிற்கும் தொண்டரின் கதையை மக்கள் முன் வைத்தன. அஃது அவற்றின் காலச் சான்று.

எனினும் இழப்பொன்றும் நேர்ந்தது. கீர்த்தனையும் படமும் பரவிய பின், நந்தனார் என்றவுடன் பொதுமக்கள் உள்ளத்தில் தோன்றுவது பண்ணையாரிடம் கைகட்டி நிற்கும் உழவடிமையின் உருவமே. பறைத்துடவை உடைய நந்தனார் மறைந்துபோனார். ஒடுக்கப்பட்ட குடியொன்றுக்கு ஊரில் தொழில்வழி நில உரிமை இருந்தது என்று பெருங்காப்பியம் ஒன்று கூறும் சான்று, மக்கள் நினைவினின்று நீங்கியது. வேதியரைப் படைத்த கவிஞர் கொடுமையைக் காட்டவே அவ்வாறு செய்தார். விளைவோ, அக்கொடுமை தொன்றுதொட்டே இருந்தது போலும் என்னும் எண்ணத்தை வளர்த்தது. நிலம் இழக்கப்பட்டதா, இல்லாமலே இருந்ததா என்பது சிறு வேறுபாடன்று. இழந்ததற்கு ஒரு காலமும் காரணமும் உண்டு. அவற்றை ஆராயவேண்டும் என்னும் வினாவே எழாதவாறு செய்துவிடுவது மூலமறியாக் காட்சியின் குறை.

3. ஒரு மன்னன், இரு முகம்

திருத்தொண்டர் புராணம் அரங்கேறியது தில்லை ஆயிரக்கால் மண்டபத்தில் என்பது மரபு. சேக்கிழார் போற்றும் அநபாயன் இரண்டாம் குலோத்துங்கனே (1133–1150) என்பது அறிஞர் பெரும்பாலார் கருத்து. 'திருவருட்செல்வர்' இப்புரவலனை அறவேட்கை உடைய அரசனாகக் காட்டியது. 41 ஆண்டுகள் கழித்து, 2008இல், கே. எஸ். இரவிக்குமார் இயக்கிய 'தசாவதாரம்' அதே குலோத்துங்கனைத் தன் தொடக்கப் பகுதியில் வேறு கோலத்தில் காட்டியது. தில்லைக் கோவிந்தராசரின் திருவுருவைப் பெயர்த்துக் கடலில் ஆழ்த்தக் கட்டளையிடுபவனாக அவன் அதில் தோன்றுகின்றான். அதனை எதிர்க்கும் அரங்கராச நம்பி (கமல்ஹாசன்) அவ்வுருவோடு பிணிக்கப்பட்டுக் கடலில் இடப்படுகின்றார்.

இவ்விரண்டு குலோத்துங்கருள் மெய்யானவன் யாவன்? இருவரும் மூலமுடையவரே. கோவிந்தராசர் கடலில் இடப்பட்ட செய்தியை முதலில் கூறுவோர் வைணவர் அல்லர். குலோத்துங்கனின் அவைப்புலவராகிய ஒட்டக்கூத்தரே தம் உலாவிலும் தக்கயாகப் பரணியிலும் அதனைக் குறிக்கின்றார். அவர் அதனைப் பழியாகக் கூறவில்லை. தில்லை முற்றத்தைப் புதுக்கிய மன்னனின் புகழாகவே கூறினார். அதே செய்தி வைணவ மரபில் துயர நிகழ்ச்சியாயிற்று. பின்னர் 1539இல் விசயநகர மன்னர் அச்சுதராயர் தில்லையில் கோவிந்தராசரை மீண்டும் எழுந்தருளச் செய்தார். படம் நிகழ்ச்சியைக் கூத்தரிடமிருந்தும் உணர்ச்சியை வைணவ மரபிலிருந்தும் எடுத்துக்கொண்டது. அரங்கராச நம்பியோ படத்தின் புனைவு. ஒரே காட்சிக்குள் மூன்று படிகள் பிணைந்துள்ளன.

இராமானுசர் வரலாறும் இதனோடு தொடர்புடையது. 2015இல் தொடங்கிக் கலைஞர் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான, மு. கருணாநிதி எழுதிய 'இராமானுசர்' தொடர், அப்பெரியாரைச் சமயத்தில் புரட்சி செய்தவராகக் காண்பித்தது. இராமானுசரைச் சோழநாடு விட்டு நீங்கச் செய்த மன்னனைக் குருபரம்பரை நூல்கள் 'கிருமிகண்ட சோழன்' என்னும் இகழ்ச்சிப் பெயரால் சுட்டுகின்றன. அவன் அதிராசேந்திரனா, முதற் குலோத்துங்கனா, இரண்டாம் குலோத்துங்கனா என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்தொற்றுமை இல்லை. நூலில் 'ஒரு சோழன்' என்று விட்டுவிடலாம். ஆராய்ச்சிக் கட்டுரையில் மூவர் பெயரையும் தந்து ஐயத்தை ஐயமாகவே வைக்கலாம். திரையிலோ அரியணையில் ஒருவனை அமர்த்தியே ஆகவேண்டும். அவனுக்கு ஒரு முகம் வேண்டும். ஐயத்துக்கு முகம் இல்லை. நாள்தோறும் இல்லத்துக்குள் வரும் தொடரில் அம்முகம் திரும்பத் திரும்பக் காணப்பட்டு உறுதி பெறுகின்றது. வரலாற்றுக் காட்சிக் கலையின் அடிப்படை இடர்ப்பாடு இதுவெனலாம். இது படைப்பாளரின் குற்றமன்று, அக்கலையின் இயல்பு.

4. உடையார்குடிச் சுவரும் கடம்பூர் மாளிகையும்

சிதம்பரத்தின் தென்மேற்கே காட்டுமன்னார்கோயில் உள்ளது. முதற் பராந்தகனின் வீரநாராயணன் என்னும் விருதுப்பெயரால் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம் என வழங்கிய பேரூர் இதுவே. அருகிலுள்ள ஏரியும் அப்பெயரே பெற்று இன்று வீராணம் எனப்படுகின்றது. இவ்வூர்ப் பகுதியாகிய உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் சுவரில் கல்வெட்டொன்று உள்ளது. முதலாம் இராசராசனின் 2ஆம் ஆட்சியாண்டில், அதாவது 987ஐ ஒட்டி, பொறிக்கப்பட்ட அது, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் எனச் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோர் பெயரைக் கூறி, அவர்தம் உடைமையையும் சுற்றத்தாரின் உடைமையையும் பறித்து விற்குமாறு ஊர்ச்சபைக்கு வந்த அரசாணையைப் பதிவு செய்கின்றது. அவருள் இருவர் பிரமாதிராசன் என்னும் பட்டம் பெற்ற அதிகாரிகள் என்பதும் அதனால் விளங்கும்.

கல்வெட்டு கூறாதன பல. கொலை எங்கு நிகழ்ந்தது என்று அது கூறவில்லை. எவ்வாறு, எதற்காக என்றும் கூறவில்லை. ஆதித்தன் இறந்து 15 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பின்னரே இவ்வாணை வந்தது ஏன் என்பதும் அதில் இல்லை. இடைப்பட்ட காலத்தில் ஆண்ட உத்தம சோழன் மீது கே. ஏ. நீலகண்ட சாத்திரியார் ஐயம் கொண்டார். அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாகிய தம் 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தில் தி. வை. சதாசிவ பண்டாரத்தார் அவ்வையத்தை மறுத்தார். இந்நிலையில் வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

1950 முதல் 1954 வரை தொடராக வந்த கல்கியின் 'பொன்னியின் செல்வன்' அவ்வெற்றிடத்தை நிரப்பியது. கொலை நிகழும் களமாகக் கடம்பூர்ச் சம்புவரையர் மாளிகையை அப்புதினம் படைத்தது. நந்தினி என்னும் பாத்திரத்தையும் படைத்தது. மேலைக்கடம்பூர் காட்டுமன்னார்கோயிலை அடுத்த மெய்யான ஊரே; தேர்வடிவில் அமைந்த அழகிய சோழர் கோயில் அங்கு உண்டு. ஆனால் சம்புவரையர் பெயர் பெற்று விளங்கியது பிற்காலத்தில், தொண்டை மண்டலத்தில் ஆகும். மணிரத்னம் இயக்கத்தில் 2022இலும் 2023இலும் இரு பகுதிகளாக வெளிவந்த படம் கல்வெட்டைத் தழுவியதன்று, கல்கியைத் தழுவியது. கல்கி தம் கற்பனை மாந்தரையும் வரலாற்று மாந்தரையும் பிரித்துணர்த்த நூலின் முடிவுரையில் இடங்கண்டார். திரைக்கு அவ்வசதி குறைவு. 'இராசராச சோழன்' (1973) படமும் இவ்வாறே கல்வெட்டினின்று நேரே வந்ததன்று, அரு. இராமநாதனின் மேடை நாடகம் அதன் மூலம். கல்வெட்டுக்கும் திரைக்கும் இடையே புதினமோ நாடகமோ கீர்த்தனையோ நின்றே தீர்கின்றது என்பது இவற்றால் பெறப்படும்.

இதனைக் குறையாக மட்டும் கொள்ளற்க. உடையார்குடிக் கல்வெட்டை அறிஞர் சிலரே அறிந்திருந்த நிலை மாறி, ஆதித்தனின் முடிவைப் பற்றி இளைஞர் பலரும் வினவும் நிலை வந்ததற்குக் கல்கியும் திரையுமே காரணம். அவ்வினாவுக்கு விடை தேடுவோர் கையில் நாம் எதனைத் தருகின்றோம் என்பதே கேள்வி.

5. முடிபு

மேற்கூறியவற்றால் மூன்று செய்திகள் பெறப்படும். முதலாவது, வரலாற்றுப் படம் எதுவும் வரலாற்றினின்று நேரே எழுவதன்று. அதற்கு அணித்தான ஓர் இலக்கியப் படி உண்டு, அதனைக் காண்பதே முதற்பணி. இரண்டாவது, இடைப்படியில் புகுந்த புனைவு, தான் புகுந்த காலத்துக்குச் சான்றாகும். வேதியரை நீக்கிவிட்டால் சேக்கிழாரின் நந்தனார் கிடைப்பார். வேதியரை ஆராய்ந்தால் 1861ஆம் ஆண்டுத் தமிழகம் கிடைக்கும். இரண்டும் வேண்டுவனவே. மூன்றாவது, கடைசிப் படி பரவப் பரவ முதற்படி மறக்கப்படுகின்றது. இம்மறதி சிலவேளை ஒரு குடியின் உரிமை வரலாற்றையே மறைத்துவிடுகின்றது.

இப்பணி தமிழ்த்துறைகளுக்கு உரியது; திரைப்பட ஆய்வாளரிடம் மட்டும் விட்டுவிடத் தக்கதன்று. கல்வெட்டும் புராணமும் கீர்த்தனையும் புதினமும் பயின்றோரே படிவழியைக் காட்ட வல்லார். முதுகலை மாணவர் ஒருவர் தண்டபாணி தேசிகர் நடித்த படத்தையும், கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனையையும், திருநாளைப்போவார் புராணத்தையும் அருகருகே வைத்து, எக்காட்சி எதனினின்று வந்தது என்று ஓர் அட்டவணை அமைப்பாராயின், பறைத்துடவை என்னும் சொல் எப்படியில் விழுந்துபோயிற்று என்பதை எளிதில் காண்பார். அச்சொல் குறிக்கும் நிலம் எக்காலத்தில், யாரிடம் சென்றது என்பதே அவர் அடுத்து எழுப்பவேண்டிய வினா. அதற்கு விடை திரையில் இல்லை. சோழர் காலக் கோயிற் சுவர்களிலும் அவற்றின் பின் வந்த நில ஆவணங்களிலும் தேடற்பாலது.